மொட்டையாக நின்ற கள்ளிமந்தாரை

வருடத்துக்கு ஒரு முறை எங்கள் தீவில் ஊர்த் தோட்டங்களைப் பார்வையிட ஒரு குழு கிளம்பும். கொசுவை ஒழிப்பதற்காக ஆரம்பித்த வழக்கம் என்கிறார்கள். கொசு அப்படியே இருக்கிறது. குழு வளர்ந்துவிட்டது.

தலைவி அகாய்தி, போதகரின் மனைவி. பூக்களைப் பற்றி அவருக்கு உறுதியான கருத்துகள் உண்டு. அவருடைய வாசலில் அந்த வருடம் எது நன்றாகப் பூத்திருக்கிறதோ அதுவே உயர்ந்த பூ. சுகாதாரத் துறையின் சார்பில் நூரோவா வருவார். வீட்டுக்கு வீடு டோனட்டும் இளநீரும் வைப்பார்கள். நூரோவாவின் ஆய்வு பெரும்பாலும் அந்த மேசையோடு முடிந்துவிடும். தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறதா என்று குனிந்து பார்ப்பது என் வேலை. எனக்கு இடுப்பு வலி வந்த பிறகு இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

எங்கள் செடிகளும் எங்களைப் போலத்தான். காகிதப்பூவுக்குத் தண்ணீர் ஊற்றினால் இலையாகத் தள்ளும், மறந்துவிட்டால் பூக்கும். அதனால் சோம்பேறிகள் எல்லாரும் தோட்டக்கலை வல்லுநர்கள். செம்பருத்தி ஒரு நாள் பூ. காலையில் விரியும், சாயங்காலம் சுருண்டுகொள்ளும். குழு கிழக்குக் கோடியிலிருந்து நடக்கத் தொடங்குவதால் மேற்குக் கோடிக்காரர்கள் செம்பருத்தி வளர்ப்பதை விட்டுவிட்டார்கள். குரோட்டன் பூ என்று சொல்லிக்கொள்ள எதுவும் பூக்காது, இலையிலேயே எல்லா நிறமும் காட்டும். அரசு அலுவலகங்களின் வாசலில் அதைத்தான் வைக்கிறார்கள்.

கள்ளிமந்தாரை வேறு வகை. குளிர்மாதங்களில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு, வீங்கிய விரல்கள் போன்ற கிளைகளோடு நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால் பட்டுப்போன மரம் என்று சத்தியம் செய்வார்கள். பிறகு ஒரு நாள் மொட்டைக் கிளையின் நுனியில் பூ வந்துவிடும், இலைக்குக் காத்திராமல்.

பக்கத்து வீட்டுப் பேரன் தெயாரிகிக்கு இது தெரியாது. அவன் ஆறு வயதில் ஆக்லாந்துக்குப் போனவன்.

பக்கத்து வீடு எனக்கு மொவாரியின் வீடு. சட்டப்படி அது யாருடைய வீடும் இல்லை, தமத்தோவா தாத்தாவின் வம்சத்துக்குப் பொதுவானது. எங்கள் தீவில் நிலத்தை விற்க முடியாது. யார் அதில் குடியிருப்பது என்று உறவினர் கூடிச் சொல்வார்கள். மொவாரியின் பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டில் இருந்தார். கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, பாடை ஏறும்வரை பார்த்துக்கொண்டவள் மொவாரி. அவரை அடக்கம் செய்த மறுவாரம் தெயாரிகி விமானத்தில் வந்து இறங்கினான். தாத்தாவின் மூத்த மகனின் மகன் அவன். மூத்த வழிக்குத்தான் வீடு என்றான்.

"நீ எங்க போவே?" என்று நான் மொவாரியிடம் கேட்டேன்.

"எங்கயும் போகல அண்ணே. இங்கதான் சாவேன்."

"அவன் விடணுமே."

"அதுக்குத்தான் அத்தை வர்றாங்க."

அத்தை என்பது தூரியா. தமத்தோவா தாத்தாவின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பவர் அவர் ஒருவர்தான். தீவின் மறுபக்கத்தில் இருக்கிறார். அதற்கு முன் பாதி ஆயுளை வெலிங்டனில் கழித்தவர். வந்தார், இருவரையும் எதிரே உட்கார வைத்தார், ஒரு தட்டுச் சீமைப்பலாவைத் தனியாக முடித்தார், பிறகு தீர்ப்புச் சொன்னார்.

"வாசல் பக்கம் அவன் பாக்கட்டும். பின்பக்கம் நீ பாரு. தோட்டம் பாக்குற குழு எதை நல்லா இருக்குன்னு சொல்லுதோ, வீடு அவங்களுக்கு."

இவ்வளவு பெரிய விஷயத்தை எங்கள் குழுவிடம் ஒப்படைத்த முதல் ஆள் அவர்தான். நாங்கள் வேலை செய்து அவர் பார்த்ததில்லை.

மொவாரியின் முகம் விழுந்தது. காரணம் இருந்தது. பின்பக்கத்தில் பன்றிகள் இருந்தன. அவளுடைய தோட்ட முறை எளிமையானது: கையில் இருக்கும் குச்சியை நின்ற இடத்தில் செருகுவாள். பிழைத்தால் செடி, இல்லாவிட்டால் விறகு. வேலியோரம் தியாரே மட்டும் ஒழுங்காக இருந்தது. அந்த வெள்ளைப் பூவை விடியலில் மொட்டாகப் பறித்துத் தலைக்கு வளையம் கட்டுவாள், தேவாலயத்தில் மற்றவர்கள் பொறாமைப்படும்படி. ஆனால் மொட்டாகவே எல்லாவற்றையும் பறித்துவிட்டால் செடியில் பூ ஏது? ஆய்வுக்கு வருகிறவர் கண்ணுக்கு அது வெறும் பச்சை வேலி.

தெயாரிகி ஆக்லாந்தில் கட்டடங்களுக்குத் தரை போடுகிறவன். பூமி மட்டமாக இல்லாவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. வாசலை நூல் பிடித்து அளந்தான். எங்கள் ஊரில் செத்தவர்களை வீட்டு வாசலில்தான் புதைப்போம்; அங்கிருந்த பெரியப்பாவின் சிமெண்ட் கல்லறைக்கு வெள்ளையடித்தான். நாற்றங்காலிலிருந்து பெட்டூனியா, செண்டுமல்லி, ரோஜா எல்லாம் வண்டியில் வந்தன. எங்கள் உப்புக்காற்றில் ரோஜாவுக்கு இலையெல்லாம் கரும்புள்ளி விழும். அவன் மருந்து அடித்தான். காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றினான். அது நன்றியோடு இலைவிட்டது.

வாசலின் நடுவில் கள்ளிமந்தாரை மொட்டையாக நின்றது. ஆகஸ்ட் மாதம், எங்களுக்குக் குளிர்காலம்.

அதன் கீழேதான் தமத்தோவா தாத்தா படுத்திருந்தார். அவர் செத்த வருடம் கப்பலில் சிமெண்ட் வரவில்லை. இப்போதைக்கு அடையாளம் இருக்கட்டும் என்று ஒரு கிளையை ஒடித்துத் தலைமாட்டில் நட்டார்கள். அடுத்த கப்பலில் சிமெண்ட் வந்தது. அதை வைத்துத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். தாத்தாவுக்கு அவசரமில்லை. மரம் வளர்ந்தது. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் அதைச் சொல்வதில்லை.

தெயாரிகி நூரோவாவிடம் ரம்பம் இரவல் வாங்கினான். வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன்.

"என்ன அண்ணே, வேர் ஆழமா போயிருக்குமோ?"

"போயிருக்கும்."

"செத்த மரத்தை இத்தனை நாளா நடுவுல வச்சிருக்காங்க பாருங்க. சோம்பேறிக் கூட்டம்."

எங்கள் ஊரில் ஒருவருடைய மகளைப் பற்றி அவரிடமே பேசலாம், கடனைப் பற்றிப் பேசலாம், பன்றியைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். அவருடைய செத்தவர்களைப் பற்றி அவர் கேட்காமல் மற்றவர் வாய் திறப்பதில்லை. அவனுடைய தாத்தாவை அவனுக்கு அறிமுகம் செய்துவைக்க நான் யார்? சாலையில் மோட்டார் சைக்கிள்கள் வேகம் குறைந்தன. எல்லாரும் பார்த்தார்கள். கையசைத்தார்கள். ஒருவர் இறங்கி வந்து கிளைகளை இழுத்துப் போட உதவினார். பேரன் ஒருவழியாகத் தாத்தாவுக்குச் சிமெண்டில் கல்லறை கட்டப் போகிறான் என்று அன்று சாயங்காலம் ஊர் முடிவு செய்தது. கண்ணியமான பிள்ளை என்றுகூட அகாய்தி சொன்னார்.

அடுத்த நாள் அடிமரத்தை இயந்திரம் வைத்துப் பிடுங்கினான். அதற்கு அடுத்த நாள் குழியை மூடி, இடித்து, வெள்ளை ஜல்லி பரப்பினான். வண்டி நிறுத்துமிடம். சுற்றிலும் பெட்டூனியா.

பெட்டூனியாவைப் பார்த்த பிறகு ஊர் அமைதியாகிவிட்டது.

கடல் பக்கம், மாமரத்துக்கு அருகில், நான்கு முளைகள் அடித்துக் கயிறு கட்டினான். சுற்றுலாக்காரர்களுக்கு வாடகை விடுதி. வீடு கையில் வந்ததும் கட்டடம் எழும்பும்.

மொவாரி பன்றிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வேலியில் சாய்ந்தேன்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உனக்குச் சொல்ல உரிமை இருக்கு."

"அவன் கேட்டானா?"

"கேக்கல."

"மூத்த வழி அண்ணே. எல்லாம் தெரிஞ்சவன். என்கிட்ட வந்து, தங்கச்சி இது என்ன மரம்னு ஒரு தடவை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." தேங்காயை ஓங்கி வெட்டினாள். "ரம்பத்தை எடுத்தப்ப ஜன்னல்கிட்ட நின்னுகிட்டுதான் இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. சொன்னா என்ன ஆகும்? மரம் நிக்கும். வீடு போயிடும்."

"மரம் போயும் வீடு போகுமே. பெட்டூனியாவைப் பாத்தா அகாய்தி அழுதுடுவாங்க."

"பாக்கலாம்," என்றாள். ஆனால் அன்று அவள் கையில் வெட்டுக்காயம் பட்டது.

ஆய்வு நாளில் தூரியா அத்தையும் குழுவோடு வந்தார். தீர்ப்பைக் காதால் கேட்க வேண்டுமாம். தொப்பியில் பிளாஸ்டிக் பூ வைத்திருந்தார். அவரைக் குழுவின் ஆய்வுக்கு உட்படுத்த எங்களுக்கு அதிகாரமில்லை.

முதலில் பின்பக்கம் போனோம். மொவாரி முடிந்தவரை பெருக்கியிருந்தாள். பன்றிகளைக் கட்டிப்போட்டிருந்தாள். இட்லிப்பூச் செடியைச் சதுரமாக வெட்ட முயன்று, பூக்கொத்துகள் எல்லாவற்றையும் சேர்த்து வெட்டியிருந்தாள். ஒரு பழைய டயரில் மழைநீர். குனிந்து பார்த்தேன். கொசுப்புழுக்கள் குடும்பத்தோடு இருந்தன.

"இருக்கா?" என்றார் நூரோவா, வாயில் டோனட்டோடு.

மொவாரி என்னைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரன் நான். ஆனால் நூரோவா அதற்குள் எட்டிப் பார்த்துவிட்டார். வருடத்தில் அவர் செய்த ஒரே ஆய்வு அது.

வாசலுக்கு வந்ததும் அகாய்தி நின்றுவிட்டார். கையை நெஞ்சில் வைத்தார். ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று பெட்டூனியா வரிசை கட்டி நின்றது. செண்டுமல்லி ராணுவம் போல இருந்தது. ஜல்லி பளபளத்தது.

"ஆண்டவரே," என்றார். "இது நம்ம ஊருதானா?"

"கொஞ்சம் வேலை செஞ்சேன் அக்கா," என்றான் தெயாரிகி. அடக்கமாக இருக்க முயன்றான். பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை.

"நூரோவா, இதுக்கு மேல என்ன வேணும்?"

"எதுவும் வேணாம்." நூரோவா ஜல்லியில் காலைத் தேய்த்துப் பார்த்தார். "தண்ணி தேங்காது. ரொம்பச் சுகாதாரம்."

மொவாரி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். அகாய்தி முடிவைச் சொல்ல வாயைத் திறந்தார். அவர் முடிவு சொல்வதற்கு முன் ஒரு சிறு ஜெபம் செய்வார். அந்த ஜெபம்தான் மொவாரியைக் காப்பாற்றியது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். தூரியா அத்தை மூடவில்லை.

"ஆமென்" சொல்லி முடிப்பதற்குள் அத்தை கேட்டார்:

"அப்பா எங்கடா?"

தெயாரிகி சிரித்தான். "எந்த அப்பா அத்தை? எங்க அப்பா ஆக்லாந்துல இருக்காரு. மணுகாவ் கல்லறையில."

"உங்கப்பன் இல்ல. எங்கப்பா. உன் தாத்தா. இங்க ஒரு மரம் இருந்துச்சே."

"அந்த மொட்டை மரமா? அது செத்துப்போச்சு அத்தை. ஒரு இலைகூட இல்ல. வெட்டிட்டேன்."

"உன் தலையிலயும்தான் ஒண்ணும் இல்ல. உன்னை யாராவது வெட்டினாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு சிரிப்பதற்காக ஒவ்வொருவரும் அதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள்.

"வருஷா வருஷம் அது அப்படித்தான் நிக்கும். வருஷா வருஷம் பூக்கும். தலைமாட்டுல நாங்கதான் நட்டோம், நான் அப்ப சின்னப் பொண்ணு." அத்தை ஜல்லியைக் கைநீட்டிக் காட்டினார். "எங்கப்பா மேல நீ காரை நிறுத்தியிருக்க."

தெயாரிகியின் முகம் ஜல்லியின் நிறத்துக்கு வந்தது. எங்கள் எல்லாரையும் பார்த்தான். ரம்பம் கொடுத்த நூரோவாவை, கிளை இழுத்தவர்களை, என்னை. "ஏன் யாருமே சொல்லல?" என்றான். நியாயமான கேள்வி. நாங்கள் பூக்களைப் பார்த்தோம்.

ஆனால் அவன் மோசமானவன் இல்லை, சமமான தரையை நேசிப்பவன் மட்டுமே. உடனே ஜல்லிக்கு நடுவில் போய் நின்றான். "இங்கதான் அத்தை மரம் இருந்துச்சு. சரியா இந்த இடம். எனக்கு அளவு தெரியும். ஜல்லியை எடுத்துடறேன். நானே கல்லறை கட்டறேன். நல்ல டைல்ஸ் போட்டு."

அத்தை மூக்கைச் சிந்தினார். கொஞ்சம் தணிந்தது தெரிந்தது. பேரன் கல்லறை கட்டுவான், அகாய்தி பரிசு தருவார், வீடு மூத்த வழிக்குப் போகும். மொவாரிக்கும் அது தெரிந்தது. எழுந்தாள்.

"அங்க இல்ல அத்தை."

"என்ன அங்க இல்ல?"

"தாத்தா அங்க இல்ல. நீங்க நட்ட மரம் பெரிய புயல்ல சாஞ்சிடுச்சு. நீங்க அப்ப வெலிங்டன்ல இருந்தீங்க. சாஞ்ச கிளை தள்ளிப் போய் விழுந்து, விழுந்த இடத்துலயே வேர் விட்டுச்சு. கள்ளிமந்தாரை அப்படித்தானே. இவன் வெட்டினது அந்தக் கிளையில வளந்த மரத்தை. பெரியப்பா எனக்குக் காட்டியிருக்காரு." அவள் பெட்டூனியாவைத் தாண்டி நடந்தாள். கடல் பக்கம், மாமரத்துக்கு அருகில், முளைகளும் கயிறும் இருந்த இடத்துக்கு. கயிற்றைத் தாண்டி உள்ளே நின்றாள். "இங்க."

தெயாரிகி முளைகளையும் மொவாரியையும் மாறி மாறிப் பார்த்தான். புயல் வந்தபோது அவன் ஆக்லாந்தில் பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

"அது... நிஜமா அத்தை?"

"என்னைக் கேக்காத. இருந்தவளைக் கேளு."

புயல் வந்தபோது நான் இங்கே இருந்தேன். என் சமையலறைக் கூரை பறந்தது. நூரோவாவின் படகு தேவாலயத்துக்குள் வந்தது. பக்கத்து வீட்டு வாசலில் கள்ளிமந்தாரை இலைகளைப் பறிகொடுத்துவிட்டு, நட்ட இடத்திலேயே நின்றது. மறுநாள் காலை அதன் கிளையில் என் சட்டையைக் காயப்போட்டேன். நூரோவாவுக்கும் அது நினைவிருக்கும். அகாய்திக்கும் இருக்கும்.

அத்தை எங்கள் பக்கம் திரும்பினார். "நீங்க எல்லாரும் இங்கயே இருந்தவங்கதானே?"

அகாய்தி ரோஜாவின் கரும்புள்ளியைக் கூர்ந்து பார்த்தார். நூரோவா டோனட்டை மென்றார், வாயில் டோனட் இல்லாமலேயே.

"உங்க குடும்ப விஷயம் அக்கா," என்றேன். "மொவாரி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அத்தை கயிற்றைத் தாண்டிப் போய் மொவாரியின் பக்கத்தில் மண்டியிட்டார். தொப்பியைக் கழற்றி மண்ணில் வைத்தார். பிறகு நீண்ட நேரம் தன் அப்பாவோடு பேசினார், அவர் இல்லாத இடத்தில். மொவாரி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அழுதாள். எதற்காக என்று கேட்பது எங்கள் வழக்கமில்லை.

வீடு மொவாரிக்கு என்றார் அத்தை. செத்தவர் எங்கே என்று தெரிந்தவள்தான் அந்த வீட்டில் இருக்க வேண்டும் என்றார். உறவினர் யாரும் மறுக்கவில்லை. தெயாரிகியும் மறுக்கவில்லை. அவன் அளவு எடுத்தான். முளை அடித்த இடத்திலேயே அஸ்திவாரம் தோண்டினான், அதிக ஆழம் போகாமல், தாத்தாவுக்குத் தொந்தரவு கொடுக்காமல். நீல டைல்ஸ், நான்கு தூண், தகரக் கூரை. தீவில் அவ்வளவு ரசமட்டம் பிசகாத கல்லறை வேறு இல்லை. முடித்துவிட்டு, தலைமாட்டில் நெற்றியை வைத்து மன்னிப்புக் கேட்டான். மறுநாள் விமானம் ஏறினான். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "அடுத்த தடவை ஏதாவதுன்னா சொல்லுங்க அண்ணே," என்றான். கட்டாயம் சொல்கிறேன் என்றேன்.

சிறந்த வாசலுக்கான பரிசைக் குழு அந்த வீட்டுக்கே கொடுத்தது. தள்ளுவண்டி ஒன்று. மொவாரி வாங்கிக்கொண்டாள். அதில் இப்போது பன்றித் தீனி போகிறது. டிசம்பர் மழையில் பெட்டூனியா அழுகிப்போனது. ரோஜா அதற்கு முன்பே போய்விட்டது. தண்ணீர் ஊற்ற ஆளில்லாததால் காகிதப்பூ வெறிபிடித்த மாதிரி பூத்தது.

மொவாரி சனிக்கிழமைதோறும் நீலக் கல்லறையைக் கழுவுகிறாள். தியாரே மொட்டுகளைத் தலைக்குக் கட்டாமல் அங்கே வைக்கிறாள். அத்தை மாதம் ஒரு முறை வந்து பார்க்கிறார். ஏதாவது தூசி இருந்தால் திட்டுகிறார்.

ஜல்லி மட்டும் அப்படியே கிடக்கிறது. அந்த இடத்தில் ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும், ஒரு வருடத்தில் துளிர்த்துவிடும். அவளால் நட முடியாது. நட்டால் அத்தை கேட்பார்.

போன வாரம் அவளுக்கு மீன் கொண்டுபோனேன். மோட்டார் சைக்கிளை ஜல்லியில் நிறுத்தப் பார்த்தேன்.

"அங்க வேணாம் அண்ணே," என்றாள் ஜன்னலிலிருந்து. "எண்ணெய் சொட்டும்."

என் வண்டி புதிது. எண்ணெய் சொட்டாது. தள்ளிக்கொண்டுபோய்ச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்தேன்.